வேலை நடுவே இறைநெருக்கம்: தாமிரபரணிக் கரைக் கிறித்தவ மரபு

வேலை, குடும்பம், சபைப் பொறுப்பு ஆகியவற்றால் நாள் முழுவதும் நிரம்பிவிட்ட ஒரு கிறித்தவர், இறைவனோடு தமக்குள்ள உறவை எவ்வாறு காத்துக்கொள்கிறார் என்பது கிறித்தவ ஆன்மிகத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. சீர்திருத்தத் திருச்சபையினர் இதைத் 'தேவனோடு சஞ்சரித்தல்', 'தேவ சமுகத்தில் காத்திருத்தல்' என்னும் சொற்களால் குறிப்பர். கத்தோலிக்கர் 'இறைப்பிரசன்னத்தில் வாழ்தல்' என்பர். திருநெல்வேலிப் பகுதியில், குறிப்பாகச் சேரன்மகாதேவி, களக்காடு, டோனாவூர், பாளையங்கோட்டை வட்டாரத்தில், இக்கேள்விக்குப் பல தலைமுறையினர் தங்கள் வாழ்க்கையால் விடை தேடியுள்ளனர். அவ்விடைகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை.

சேரன்மகாதேவி, திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர். 1920களில் நடந்த குருகுலப் போராட்டத்தால் அரசியல் வரலாற்றில் அறியப்பட்டது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும் பகுதி இது. வட்டத் தலைநகர் என்பதால் அலுவலகங்கள் உள்ளன, கல்லூரிகளும் உள்ளன. சுற்றுவட்டாரப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். வேலையற்ற பொழுது என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைக்க இயலாத மக்கள் இங்கு அதிகம். எனவே 'ஓய்வு கிடைக்கும்போது ஜெபிக்கலாம்' என்னும் அறிவுரை இவ்வட்டாரத்தில் பெரிதும் பயன்படுவதில்லை.

வேதாகமப் பின்னணி

இப்பொருளைப் பேசும் எவரும் முதலில் எடுப்பது லூக்கா நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள், மரியாள் நிகழ்ச்சியைத்தான். விருந்தினராக வந்த இயேசுவின் காலடியில் மரியாள் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாள் வீட்டு வேலையில் அலைக்கழிகிறாள். தங்கை உதவவில்லை என்று குறை சொல்கிறாள். இயேசு மரியாளின் பக்கம் நிற்கிறார். வேலை தாழ்ந்தது, தியானம் உயர்ந்தது என்பதற்கு இப்பகுதியை நெடுங்காலமாகச் சான்று காட்டி வந்துள்ளனர். ஆனால் கதையைக் கவனமாகப் படித்தால் மார்த்தாள் சமைத்ததை இயேசு குறை கூறவில்லை என்பது தெரியும். அவளது கவலையையும் மனச்சிதறலையுமே அவர் சுட்டுகிறார். இவ்வேறுபாடு சிறியதுபோல் தோன்றினாலும், பின்னர் வந்த விவாதம் முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் மற்றொரு முக்கியச் சான்று. இடைவிடாமல் ஜெபம் செய்யும்படி அதில் அவர் சபையைக் கேட்கிறார். யாருக்கும் பாரமாக இராதபடி தாம் இரவும் பகலும் வேலை செய்ததையும் அதே நிருபத்தில் நினைவூட்டுகிறார். பவுல் கூடாரம் தைக்கும் தொழிலாளி. இடைவிடாத ஜெபம் என்று அவர் எதைக் கருதியிருந்தாலும், கையில் வேலையில்லாத ஒருவரின் ஜெபத்தை அவர் கருதியிருக்க முடியாது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்னும் உரோமைச் செல்வக் கைம்பெண் எவ்வாறு ஜெபிப்பது என்று கேட்டபோது, புனித அகுஸ்தீன் நீண்ட மடல் ஒன்றை விடையாக எழுதினார். எகிப்தியத் துறவியர் மிகச் சுருக்கமான ஜெபங்களை அம்பு எய்வதுபோல் அடிக்கடி எய்து வந்தனர் என்ற செய்தி அம்மடலில் உள்ளது. ஜெபம் நீண்டால் மனம் சோர்ந்து சிதறும், சுருங்கினால் கூர்மை மங்காது என்பது அவர்களின் கணக்கு. பெரிய வீட்டை நிருவகித்த புரோபாவுக்கு இந்த வழி பொருந்தும் என்று அகுஸ்தீன் கருதியிருக்க வேண்டும்.

மணியோசை

இறைநினைவுக்கு நேரத்தைக் குறித்து வைப்பது ஒரு வழி. மேற்கத்தியத் துறவு மடங்களில் இரவும் பகலுமாக எட்டு வேளை ஜெபம் நடந்தது. உழுது பிழைக்கும் குடும்பத்தால் அதைப் பின்பற்ற இயலாது. 1549 இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குப் பொது ஜெபப் புத்தகம் வகுத்தளித்த தாமஸ் கிரான்மர், இந்த வேளைகளைக் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கினார். குருக்களுக்கும் துறவியருக்கும் உரியதாக இருந்த ஒழுங்கு ஊர் மக்களுக்கும் எட்டும்படி ஆனது.

அந்த இரண்டு வேளைதான் மிஷனெரிகள் வழியாகத் திருநெல்வேலிக்கு வந்தது. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் காலத்திலும், 1841 முதல் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் காலத்திலும் உருவான கிறித்தவ ஊர்களில் காலையும் மாலையும் கோவில் மணி அடித்து ஜெபம் நடத்துவது வழக்கமாயிற்று. குரு எல்லா ஊரிலும் இருக்க முடியாது. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்துக்கே ஒரு குரு. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் உபதேசியார் இந்த ஜெபத்தை நடத்தினார். வேத பாடம், ஒரு பாட்டு, ஜெபம் என்று அது சிறியதாகவே இருந்தது.

பனைத்தொழில் செய்த ஊர்களில் இவ்வொழுங்கை நடத்துவது எளிதன்று. பதநீர்க் காலத்தில் ஆண்கள் விடியுமுன் மரம் ஏறத் தொடங்கி, மாலையிலும் ஏறவேண்டும். பெண்கள் இறக்கிய பதநீரைப் புளிக்கவிடாமல் அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். அடுப்பை விட்டு அகல முடியாது. இருந்தும் மணி அடித்தது. கோவிலுக்கு வர இயலாதவர் மணியோசை கேட்டதும் நின்ற இடத்திலேயே கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வதுண்டு. ஊர் முழுவதற்கும் பொதுவான கடிகாரமாகவும் அந்த மணி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் கடிகாரம் இல்லாத காலத்தில் நாளின் முதல் ஒலியும் கடைசி ஒலியும் ஜெபத்துக்கு உரியவையாக அமைந்தன.

கத்தோலிக்க ஊர்களில் இதே பணியை மூவேளை செப மணி செய்தது. காலை, நண்பகல், மாலை என மூன்று முறை மணி அடிக்கும்போது, கன்னி மரியாளுக்கு வானதூதர் அறிவித்த செய்தியை நினைத்துச் சில வரிகளைச் சொல்வர். நண்பகல் மணி வயலில் நிற்பவருக்கானது. அது வேலையை நிறுத்தச் சொல்வதில்லை, ஒரு நிமிடம் நிமிரச் சொல்கிறது.

டோனாவூரில் எழுந்த சிக்கல்

சேரன்மகாதேவியிலிருந்து தெற்கே களக்காடு வழியாகச் சென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் உள்ளது. இரேனியுசின் பணிக்குப் பொருளுதவி செய்த புரூசியப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த ஊர் இது. வேலைக்கும் இறைநெருக்கத்துக்கும் இடையிலான இழுபறி இங்கே மிகக் கூர்மையாக வெளிப்பட்டது.

அயர்லாந்தில் 1867 இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895 இல் இந்தியா வந்தார். தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறினார். அதுவே தமக்கு இறைவன் தந்த அழைப்பு என்று உறுதியாக நம்பினார். 1901 மார்ச்சில் பிரீனா என்ற சிறுமி கோயில் பணிக்கு விடப்பட்ட வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள். தொடர்ந்து அத்தகைய ஆபத்திலிருந்த பெண் குழந்தைகள் பலர் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் ஏமியின் நாள் பால் புட்டி, காய்ச்சல், துணி, சமையல், கணக்கு என்று மாறிவிட்டது. ஊர் ஊராகப் போவது நின்றது.

பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடுகின்றன என்னும் கருத்துள்ள தமிழ்ப் பழமொழியை அவர் அக்காலத்தில் நினைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. மிஷனெரி வட்டாரத்திலும் இது குறித்து விமர்சனம் இருந்தது. நற்செய்தி அறிவிக்க வந்தவர் தாதிப் பணியில் முடங்கலாமா, கட்டடம் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் ஆவிக்குரிய வேலையா என்று கேட்டனர். ஆன்மாக்கள் உடல்களோடு நன்றாகவே பிணைக்கப்பட்டுள்ளன, ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் தனியே பேண முடியாது என்ற கருத்தில் அவர் விடையளித்தார். சீடர்களின் கால்களைக் கழுவ இயேசு துண்டை அரையில் கட்டிக்கொண்ட நிகழ்ச்சி (யோவான் 13) அவருக்கு வழி காட்டிற்று. கடவுளின் கையிலிருந்து வேலையைப் பெற்றுக்கொள்பவர் அந்த வேலை எத்தகையது என்று தரம் பிரிப்பதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்த முடிவை அவர் வெறும் கருத்தாக விட்டுவிடவில்லை. 1916 இல் தம்மிடம் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் சிலரைக் கொண்டு 'பொது வாழ்வின் சகோதரிகள்' என்ற சிறு குழுவைத் தொடங்கினார். 14 ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் கெரார்டு குரூட்டே தொடங்கி வைத்த 'பொது வாழ்வின் சகோதரர்' இயக்கத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. அந்த இயக்கத்தினர் மடத்துக்குள் ஒதுங்காமல், நூல்களைப் படியெடுத்து உழைத்துப் பிழைத்தபடியே ஜெப வாழ்வு நடத்தியவர்கள். டோனாவூர்ச் சகோதரிகளின் அடிப்படை விதியும் அதுவே. புனித வேலை, உலக வேலை என்ற பிரிவு அவர்களிடம் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் வேதம் வாசிப்பதும் ஒரே ஊழியத்தின் இரு பகுதிகள்.

இக்கொள்கையைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. வேலையே ஜெபம் என்று சொல்லி ஜெபத்தை முற்றிலும் கைவிடுவதற்கும் இதே சொற்கள் துணைபோகும். டோனாவூரில் அப்படி நடக்கவில்லை. அங்கே குறித்த நேர ஜெபமும் இருந்தது. 1927 இல் ஜெப வீடு ஒன்றும் எழுப்பப்பட்டது. மலைப்பகுதியில் ஒரு காட்டு நிலத்தை 1917 இல் வாங்கினர். பிள்ளைகளும் பணியாளர்களும் முறைவைத்து அங்கே சென்று அமைதியாக இருந்து திரும்பினர். கடும் வேலையில் உள்ளவருக்குத் தனிமை தானாகக் கிடைக்காது, அதற்கு இடமும் முறையும் ஏற்படுத்த வேண்டும் என்பதை ஏமி நன்கு அறிந்திருந்தார். ஒரு நிருவாகியாக அவர் செய்தவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே எனலாம்.

1931 இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்ட ஏமி, அதன்பின் 1951 சனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். வேலைச் சுமை போய், வேறொரு சுமை வந்தது. உறக்கமில்லாத இரவுகளில் வலியோடு ஜெபிப்பது, ஓட்டத்தின் நடுவில் ஜெபிப்பதைவிட எளிதாக இருக்கவில்லை என்பதை அக்கால நூல்களில் மறைக்காமல் எழுதினார். நேரம் கிடைத்தால் இறைநெருக்கம் தானே வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு அவரது பிற்கால வாழ்வு ஒரு மறுப்பு.

சபை வேலையே தடையாகும்போது

வெளியுலக வேலை மட்டும் மனத்தைச் சிதறடிப்பதில்லை. ஏமிக்குத் தமிழ்நாட்டில் வழிகாட்டியாக இருந்த தாமஸ் வாக்கர் (1859–1912) இதற்குச் சான்று. 1885 இல் திருநெல்வேலிக்கு வந்த இவர் தமிழில் ஆழ்ந்த புலமை பெற்றார். இளம் வயதிலேயே திருநெல்வேலி மாவட்டச் சபைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. பள்ளிகள், சம்பளம், நிலம், வழக்கு, ஊர்ச் சண்டைகள் என்று கோப்புகள் குவிந்தன. மதிப்பும் அதிகாரமும் உள்ள அப்பதவியை அவர் விட்டு விலகினார். ஊர் ஊராகச் சென்று போதிப்பதையும் சபைகளின் உயிர்மீட்சிக் கூட்டங்களையும் மேற்கொண்டார்.

எல்லோராலும் பதவியை விட்டு விலக முடியாது. எல்லோரும் விலகினால் கணக்கெழுத ஆளிருக்காது. இருந்தாலும் வாக்கர் கண்ட ஆபத்து இன்றும் சேகரங்களில் காணப்படுவதே. பாடகர் குழுப் பயிற்சி, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், ஸ்தோத்திரப் பண்டிகை வசூல், அசன ஏற்பாடு என்று ஆண்டு முழுவதும் சபைப் பணி உண்டு. அசனத்தன்று அண்டாவுக்கு அருகில் நின்றவர் ஆராதனையில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. சபைத் தேர்தல் ஆண்டில் நிலைமை இன்னும் கடினம். கோவிலில் நாள் முழுவதும் இருந்தும் ஒருமுறைகூட ஜெபிக்காமல் வீடு திரும்புவது நடக்கக்கூடியதே. மார்த்தாள் வேலை செய்ததும் இயேசுவுக்காகத்தான்.

புலவரின் வழி

நெல்லைக்கு அருகிலுள்ள கரையிருப்பில் 1827 இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858 இல் கிறித்தவரானார். பிறகும் ஆசிரியப் பணியிலேயே வாழ்ந்தார். பன்யனின் மோட்சப் பயண நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. 'நற்போதகம்' இதழில் பல ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894 இல் நூலாயிற்று. பாடம் நடத்தி முடித்த பின் எஞ்சிய நேரத்தில் சிறிது சிறிதாக வளர்ந்த காப்பியம் அது. இடையிடையே வரும் தேவாரங்கள் தனிப்பட்ட மன்றாட்டுகளாகவே அமைந்துள்ளன. தம் தொழிலையே, அதாவது யாப்பையும் சொல்லையுமே, அவர் ஜெபத்துக்குரிய கருவியாக்கிக்கொண்டார். இவ்வழி புலவருக்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். ஆனால் அவர் போன்றோர் இயற்றிய பாடல்கள் புலமையற்றவர்களின் வாயில் சென்று சேர்ந்தபோது அது பொதுவழியாயிற்று.

அடுப்படியும் பீடித்தட்டும்

1853 இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோரின் பாடல்கள் அதன்வழி எங்கும் பரவின. சாஸ்திரியாரும் 1774 இல் திருநெல்வேலியில் பிறந்தவரே. எழுத்தறியாதவரும் மனப்பாடமாகப் பாடும்படி இராகமும் பல்லவியும் அமைந்ததால், கீர்த்தனைகள் கோவிலை விட்டு வீட்டுக்கும் வயலுக்கும் வந்தன. இலை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் பீடி வேலையில் கையும் கண்ணும் ஓய்வதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கூலி. வேதத்தைப் பிரித்து வைத்துப் படிக்க அங்கே இடமில்லை. வாய் மட்டுமே வேலையிலிருந்து விடுபட்டிருக்கிறது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாடுவது அதனால்தான் இயல்பாக அமைகிறது.

பிடியரிசிக் காணிக்கை மற்றொரு வழக்கம். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவர். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். ஏழைகளுக்கோ ஊழியத்துக்கோ பயன்படும். வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலிய தமிழ்க் கிறித்தவர்கள் 1903 இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்தியர், இந்திய நிருவாகம் என்பது அவர்களின் கொள்கையாக இருந்தது. பெரும் பணக்காரர் இல்லாத சபைகளில் இத்தகைய சிறு காணிக்கைகளுக்கு முக்கிய இடம் உண்டு. பிடியரிசியின் ஆன்மிகப் பயன் வேறு. அதற்காகத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சோறு வடிப்பவர் நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலைக்குள்ளேயே இறைநினைவு வைக்கப்பட்டிருக்கிறது. மறந்தால் கலயம் நினைவூட்டும்.

பாரிசில் கார்மேல் மடத்துச் சமையற்கூடத்தில் பணிபுரிந்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691) இதே வழியில் சென்றவர். ஜெப நேரத்தில் இறைவனோடு இருப்பதுபோலவே பாத்திரங்களின் இரைச்சலுக்கிடையிலும் இருக்க முடியும் என்பது அவரது அனுபவம். அப்பழக்கம் எளிதில் கைவரவில்லை என்பதையும் அவர் கூறியுள்ளார். மனம் விலகிப் போவதும், விலகியதை உணர்ந்ததும் தன்னையே திட்டிக்கொண்டிராமல் திரும்பி வருவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன.

இன்று சேரன்மகாதேவி வட்டாரத்தில் இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு நடக்கும் குடும்ப ஜெபமே பல வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய ஒழுங்கு. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், தகப்பனோ தாயோ ஏறெடுக்கும் ஜெபம், முடிவில் எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம். கல்லூரிப் பேருந்தில் திரும்பும் பிள்ளையும், நெல்லையில் கடையடைத்து வரும் தகப்பனும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அரிதாகிவருவதால், இந்த நேரம் பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது. சில வீடுகளில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனைக் கைபேசியில் அழைத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கின்றனர். அங்கே அவனுக்கு மாலை வேலை முடிந்திருக்காது. ஆமென் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான்.

லெந்து நாட்களில் விடியற்கால ஆராதனைக்குக் கூட்டம் கூடுகிறது. நாற்பது நாளும் வர முடியாதவர் வெள்ளிக்கிழமைகளில் வருகின்றனர். பிசான அறுவடை அதே மாதங்களில் வந்துவிட்டால், களத்துக்குப் போகும் வழியில் அரிவாளைக் கோவில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே சென்று, பாட்டு முடியுமுன் எழுந்து போகின்றனர்.